கம்ப்யூட்டரைச் சரி பண்றதா, புதுசு வாங்குறதா? சென்னிமலை தறிக்காரர்கள் போடவேண்டிய கணக்கு!

"சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலீங்க!"

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு சிபியூவைத் தூக்கிக்கொண்டு போகிற பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்த கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். "இதைச் சரி பண்ணலாங்களா, இல்ல புதுசே வாங்கிரலாங்களா?"

மற்ற ஊர்களில் இது வீட்டுச் செலவுக் கேள்வி. ஈரோடு மாவட்டம் சென்னிமலையில் அதற்குப் பின்னால் பிழைப்பும் இருக்கிறது. பெட்ஷீட், துண்டு, போர்வை என்று நெய்து வெளியூருக்கு அனுப்பும் ஊர் இது. எத்தனை கட்டு நூல் கொடுத்தோம், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எந்தக் கடைக்கு எத்தனை பெட்ஷீட் போனது, இந்த மாத ஜி.எஸ்.டி எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் கிடக்கும். ராத்திரி ஆனால் அதே பெட்டியில் பிள்ளைகள் புராஜெக்ட் வேலை பார்க்கும்.

ஒரு விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தறியில் நாடா உடைந்தால் நாடாவைத்தான் மாற்றுகிறோம். விழுது அறுந்தால் விழுது, அச்சு தேய்ந்தால் அச்சு. அதற்காகத் தறியையே விறகுக்குப் போட்டதாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். டெஸ்க்டாப்பும் அப்படித்தான். லேப்டாப், செல்போன் போல ஒட்டி மூடிய பொருள் இல்லை. எஸ்.எம்.பி.எஸ், ராம், ஹார்டு டிஸ்க், மதர்போர்டு என்று தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரியே செய்திருக்கிறார்கள். அதனால் "கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்வதற்கு முன்னால், அதில் எது போச்சு என்று பார்த்துவிட வேண்டும்.

(தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவும் உண்டு. ஜோசப் மாரி ஜக்கார்டு என்ற பிரான்ஸ்காரர் 1804-ல் ஓட்டை போட்ட அட்டைகளால் தறியில் டிசைன் வர வைத்தார். அந்த யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னுடைய கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜக்கார்டு பெட்ஷீட் நெய்பவர்கள் கம்ப்யூட்டரின் பெரியப்பா வீட்டுக்காரர்கள்!)

முதல் குற்றவாளி பஞ்சு

தறி ஓடும் வீட்டில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். சிபியூவுக்குள் இருக்கும் ஃபேன் காற்றை இழுக்கும்போது பஞ்சையும் சேர்த்து இழுக்கிறது. புராசஸருக்கு மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது படிந்து, சில மாதங்களில் மெத்தை மாதிரி ஆகிவிடும். சூடு வெளியே போக வழியில்லை. புராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். அதுவும் முடியாதபோது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

"அரை மணி நேரம் ஓடுது, அப்புறம் பட்டுன்னு ஆஃப் ஆயிருது" என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதினால் போதும். வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தால் புராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். கடையில் சொல்லிப் புதிதாகத் தடவிக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. கரன்ட்டை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்று. தூசு படக் கூடாது என்று சிபியூவுக்குத் துணி போர்த்துகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஓடாதபோது போர்த்தலாம். ஓடும்போது போர்த்தினால் வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிவிட்டது போலத்தான்.

சின்னச் செலவில் முடிகிறவை

தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போகிறதா? மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர் 2032. மூன்று வோல்ட். அது தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் பேங்க், ஜி.எஸ்.டி போன்ற பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காமல் எச்சரிக்கை காட்டும். "நெட்டே வேலை செய்யலை" என்று நினைத்து ஆட்களைக் கூப்பிடுவோம். காரணம் ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசில் வாங்கக்கூடிய பேட்டரியாக இருக்கும்.

கரன்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரும் கூடவே போனால், பழுது சிபியூவில் இல்லை, யூ.பி.எஸ் பேட்டரியில். திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆனாலும், யூ.பி.எஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் அடுத்த சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். அது மாற்றக்கூடிய பாகம்தான், ஆனால் இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கேட்டு வாங்காதீர்கள். அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஸ்கிரீன் வராமல் பீப் பீப் என்று சத்தம் மட்டும் வந்தால், ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்லை ரப்பரால் துடைத்து மறுபடி மாட்டுவது கடைக்காரர்கள் செய்யும் முதல் வைத்தியம். பல நேரம் அதுவே போதும்.

இதற்கு மட்டும் பதற வேண்டும்

ஹார்டு டிஸ்க். "டக்... டக்..." என்று உள்ளே தட்டும் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். சுற்றும் தகட்டின் மேல் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் மிதக்கும் முனை பழுதானால், ஒவ்வொரு சுற்றிலும் தகட்டைக் கீறிக்கொண்டே போகலாம். பழுதான டிஸ்க்கில் விண்டோஸை மறுபடி ஏற்றிப் பார்ப்பதும் அதே வகைத் தப்பு.

கம்ப்யூட்டர் போனால் கம்ப்யூட்டர் வாங்கலாம். மூன்று வருஷ டேலி கணக்கும், ஜக்கார்டு டிசைன் ஃபைல்களும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் கடைக்கு எடுத்துப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு ஆகும்?" அல்ல, "உள்ள இருக்கிறதைக் காப்பி எடுத்துட்டு அப்புறம் கை வைக்கிறீங்களா?" என்பது. இன்றைக்கு நன்றாக ஓடுகிறவர்கள் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம். டிஸ்க்கின் உடல்நிலையை நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டிவிடும். மஞ்சள் வந்தாலே பென் டிரைவைத் தேட வேண்டிய நேரம்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போடுவது, என்னைக் கேட்டால், பழைய டெஸ்க்டாப்புக்குச் செய்யக்கூடிய மிக நல்ல செலவு. ஆன் பண்ணிவிட்டுக் காபி போட்டுக் குடித்து வருகிற கம்ப்யூட்டர், ஒரு நிமிஷத்துக்குள் தயாராக நிற்கும்.

"உங்க கம்ப்யூட்டருக்கு வயசாயிருச்சு!"

மெஷினில் ஒரு பழுதும் இல்லாதவர்களையும் இப்போது யோசிக்க வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை புராசஸராவது வேண்டும். டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ3-4130 என்றால் நாலாவது, ஐ3-8100 என்றால் எட்டாவது, ஐ5-10400 என்றால் பத்தாவது.

எட்டாவதோ அதற்கு மேலோ இருந்தும் "சப்போர்ட் இல்லை" என்று வந்தால் அவசரப்பட வேண்டாம். பல மதர்போர்டுகளில் டி.பி.எம் வசதி இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். அதை ஆன் செய்தால் போதும். அதற்குக் கீழே இருப்பவர்களும் உடனே ஓட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால், கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கட்டணமில்லாமல் வரும். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் படிக்க, நெட் பார்க்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆனால் டேலி விண்டோஸுக்காகச் செய்தது. கணக்கு பார்க்கும் மெஷினில் இந்தச் சோதனை வேண்டாம்.

சரி, எப்போது கை கழுவலாம்?

மதர்போர்டு போய்விட்டது, புராசஸரும் எட்டுக்குக் கீழே. அப்போது விட்டுவிடலாம். அந்தத் தலைமுறைக்குக் கிடைக்கும் போர்டு பெரும்பாலும் வேறு மெஷினிலிருந்து கழற்றியதாகவோ, பெயர் தெரியாத கம்பெனியுடையதாகவோ இருக்கும். அதில் போடும் காசு திரும்பி வராது. எட்டுக்கு மேலே இருந்தால், போர்டே போனாலும் விலை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

பழுது செலவு பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எந்த விலையில் பாதி என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். நீங்கள் அன்றைக்குக் கொடுத்த விலை இல்லை. இன்றைக்கு இதே வேலையைச் செய்ய ஒரு மெஷின் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அந்த விலையும் இப்போது நமக்குச் சாதகமாக இல்லை. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் கடைகளில் விற்றுவந்த தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதுசின் விலை ஏறும்போது, சரி பண்ணுவது இன்னும் கொஞ்சம் நியாயமாகிறது.

நடுவே ஒரு வழியும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெஸ்க்டாப்புகள் கோவையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் விற்பனைக்கு வருகின்றன. பில் போடவும் டேலிக்கும் இதுவே தாராளம். எட்டாம் தலைமுறைக்கு மேலே, எஸ்.எஸ்.டி, எழுத்தில் வாரன்ட்டி. இந்த மூன்றும் இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பழையதே போதும். "செட்டா எடுத்தா சல்லிசுங்க" என்பதற்கு மயங்காதீர்கள்.

பழைய சிபியூவைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடங்களுக்கு அது போய்ச் சேர்ந்தால் புகையும் ஈயமும்தான் மிச்சம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும். பல கம்பெனிகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன, வாங்கும் கடையிலேயே கேட்கலாம். எங்கே கொடுத்தாலும், ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடுகிறது என்றால், வெளியே மாட்டும் யூ.எஸ்.பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால் அதுவே வாராவாரம் டேலி பேக்கப் எடுக்கும் டிஸ்க் ஆகிவிடும்.