பணக்கார வீட்டுக் குழந்தைக்கும் அரசுப் பணமா? தலை சுற்ற வைக்கும் கணக்கு தெரியுமா?

லண்டனில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள். முதல் வீட்டில் கணவர் மட்டும் வேலைக்குப் போகிறார். ஆண்டு வருமானம் 80,000 பவுண்டு. மனைவி வீட்டோடு இருந்து இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். அங்கே கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு 60,000 பவுண்டு சம்பாதிக்கிறார்கள், சேர்த்தால் 1,20,000. அரசு தரும் குழந்தை உதவித்தொகை எந்த வீட்டில் தங்கும், சொல்லுங்கள்!

1,20,000 பவுண்டு வீட்டில்தான்! 2025-26 விகிதப்படி ஆண்டுக்குச் சுமார் 2,250 பவுண்டு, முழுசாக! 80,000 பவுண்டு வீட்டுக்கு ஒரு பென்னிகூட மிஞ்சாது. இது கதையல்ல, பிரிட்டனில் நடப்பில் இருக்கும் விதி. வசதியானவர்களை விலக்கி நியாயம் செய்யப் போய் ஒரு நாடு இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. பிள்ளைக்காக முதலில் சலுகை பெற்றது ஏழைகள் அல்ல, தெரியுமா?

1909-இல் பிரிட்டன் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் போட்ட பட்ஜெட்டில்தான் குழந்தைகளுக்கான வருமான வரிக் கழிவு வந்தது. அந்தக் காலத்தில் வருமான வரி கட்டியவர்கள் யார்? வசதியுள்ளவர்கள்! சுரங்கத்தில் உழைத்தவர் வரி வரம்புக்குள்ளேயே வரவில்லை. அதனால் அவர் பிள்ளைக்குக் கழிவும் இல்லை. ‘பணக்காரர் பிள்ளைக்கு ஏன் அரசுப் பணம்?’ என்று இன்று கேட்கிறோம். அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதற்கு நேர் எதிரானது!

2. அப்பாவிடம் போகவிருந்த பணத்தை அம்மாவிடம் திருப்பியவர் யார் தெரியுமா?

எலினார் ராத்போன்! பிள்ளை வளர்க்கும் தாய்க்கு உதவித்தொகை வேண்டும் என்று 1924-இல் ஒரு புத்தகமே எழுதினார். 1929-இல் சுயேச்சையாக நாடாளுமன்றம் போனார். 1945-இல் குடும்ப உதவித்தொகை மசோதா வந்தபோது, பணம் தந்தைக்கே என்று இருந்தது. தாய் கையில் தராவிட்டால் என் கனவுத் திட்டத்துக்கு எதிராக நானே வாக்களிப்பேன் என்று நின்றார். அரசு பணிந்தது!

3. பிரபு வீட்டுக்கும் தொழிலாளி வீட்டுக்கும் ஒரே தொகை தெரியுமா?

1946 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. தாய்மார்கள் தபால் ஆபீசில் பணம் வாங்கத் தொடங்கினார்கள். இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொருவருக்கும் வாரம் 5 ஷில்லிங். வருமானம் என்ன என்று யாரும் கேட்கவில்லை! அப்படியானால் பணக்காரருக்கு லாபமா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்: அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு. ஏழைத் தாய் 5 ஷில்லிங்கையும் வைத்துக்கொண்டார். வசதியான வீட்டிலிருந்து ஒரு பங்கு வரியாகத் திரும்பி வந்தது. எல்லோருக்கும் கொடு, இருப்பவரிடம் வரியில் எடு. எவ்வளவு எளிமை!

4. அமைச்சரவை ரகசியம் வெளியே கசிந்ததால் பிழைத்த திட்டம் இது, தெரியுமா?

அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டம், பழைய வரிக் கழிவையும் குடும்ப உதவித்தொகையையும் ஒன்றாக்கியது. இன்றைய குழந்தை உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் பிறந்தது! முதல் பிள்ளைக்கும் உண்டு, தாய் கையில் ரொக்கமாக. ஆனால் வரிக் கழிவு போனால் ஆண்களின் சம்பளக் கவர் மெலியுமே! பயந்துபோன பிரதமர் காலஹனின் அரசு திட்டத்தைக் கிடப்பில் போடப் பார்த்தது. 1976-இல் குழந்தை வறுமைக்கு எதிராகப் போராடிய ஃபிராங்க் ஃபீல்டு அமைச்சரவைக் குறிப்புகளையே பத்திரிகையில் அம்பலப்படுத்தினார்! 1977-இல் படிப்படியாகத் தொடங்கி, 1979-இல் பிள்ளைக்கு வாரம் 4 பவுண்டு என்று முழு வடிவம் பெற்றது.

இதை மட்டும் நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள்: நல்ல சம்பளக்காரர் வீட்டுக்கு வந்த சைல்ட் பெனிஃபிட் இனாம் அல்ல. அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட வரிக் கழிவுக்கு ஈடு!

5. பணம் கை மாறியதும் துணிக்கடைக் கணக்கே மாறியது தெரியுமா?

அப்பாவின் சம்பளக் கவரிலிருந்து அம்மாவின் பைக்குப் பணம் இடம் மாறியதே, அதன் விளைவை லண்ட்பெர்க், பொல்லாக், வேல்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து 1997-இல் வெளியிட்டார்கள். ஆண்களின் உடைகளோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் உடைகளுக்கான செலவு கூடியிருந்தது! குடும்பப் பணம் எல்லாம் ஒன்றுதான் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. வசதியான வீட்டிலும் அம்மாவின் கை காலியாக இருக்கலாம் என்பதை இதற்குப் பிறகும் மறுக்க முடியுமா?

6. வருமான வரிக்குக் ‘குடும்பம்’ என்றால் என்னவென்றே தெரியாது, தெரியுமா?

2010-இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், நல்ல சம்பளக்காரர்களுக்கு இனி இந்தப் பணம் இல்லை என்றார். 2013 ஜனவரி 7 முதல் நடைமுறை. தம்பதியில் யாராவது ஒருவர் 50,000 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகையை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். 60,000 வந்தால் முழுசும் போச்சு. ஏன் ஒருவர் வருமானம்? 1990 முதல் அங்கே கணவனுக்குத் தனிக் கணக்கு, மனைவிக்குத் தனிக் கணக்கு. குடும்ப வருமானம் என்ற ஏடே வருமான வரிக் கணக்கில் இல்லை! தெருவின் இரண்டு வீட்டுப் புதிர் பிறந்தது இங்கேதான்.

இன்னும் கேளுங்கள்: பிள்ளை அவருடையதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை! தாயோடு இப்போது சேர்ந்து வாழும் துணைவர் அதிகம் சம்பாதித்தால் அந்த வரி அவர் தலையில்.

7. 100 பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்தால் கையில் 34 தெரியுமா?

2013-இல் மூன்று பிள்ளைகள் உள்ள ஒருவர், வருமானம் 50,000-க்கும் 60,000-க்கும் இடையே. அவருக்கு 100 பவுண்டு சம்பள உயர்வு. வருமான வரிக்கு 40 போகும், தேசியக் காப்பீட்டுக்கு 2 போகும், உதவித்தொகையில் சுமார் 24 போகும். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்! அந்த 50,000 வரம்போ 11 ஆண்டுகள் அசையவே இல்லை. 2021-இல் உயர்விகித வரியே 50,270-க்கு மேல்தான் தொடங்கியது. ஆக, உயர்விகித வரிக்குள் வராதவர்கூட ‘பணக்காரர்’ ஆகிவிட்டார்! 2024-இல்தான் வரம்பு 60,000 முதல் 80,000 வரை என்று ஏறியது. குடும்ப வருமானத்தைப் பார்ப்போம் என்று அப்போது தந்த வாக்கையும் அடுத்து வந்த அரசு அதே ஆண்டில் கைவிட்டது.

8. நிரப்பாத ஒரு படிவம் முதுமையைத் தொட்டது, தெரியுமா?

‘எப்படியும் திருப்பிக் கட்டத்தானே வேண்டும், எதற்கு விண்ணப்பம்?’ என்று பல வீடுகளில் விட்டுவிட்டார்கள். அந்தப் படிவத்தில்தான் வேறொன்று ஒளிந்திருந்தது. வேலையை விட்டுக் குழந்தை வளர்க்கும் தாய்க்கு, பிள்ளைக்கு 12 வயதாகும்வரை ஓய்வூதியக் கணக்கில் ஆண்டுகள் சேரும்! படிவம் இல்லையேல் அந்த ஆண்டுகளும் இல்லை என்றே இருந்தது. முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகள் தேவைப்படும் நாட்டில், கணவரின் சம்பளத்தால் மனைவியின் ஓய்வூதியம் குறைந்தது. நினைக்கவே மனம் வலிக்கிறது.

9. நூற்றில் பத்துப் பேரை நீக்கிய நாடு, உடனே சேர்த்துக்கொண்டது தெரியுமா?

தென்கொரியா! 2018 செப்டம்பரில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் 1,00,000 வோன் தந்தது. உச்சியில் இருக்கும் 10 சதவீதக் குடும்பங்களுக்கு மட்டும் கிடையாது. அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிக்க மீதித் தொண்ணூறு பேரும் சொத்து, வருமானச் சான்று காட்ட வேண்டியிருந்தது! செலவும் அலைச்சலும் கண்டு 2019-இலேயே எல்லோருக்கும் என்று மாற்றினார்கள். போலந்தும் 2016-இல் முதல் பிள்ளைக்கு வருமான வரம்பு வைத்தது, 2019-இல் எடுத்தது. ஜப்பானோ ஊஞ்சலே ஆடியது! 2010-இல் எல்லோருக்கும்; 2012-இல் மீண்டும் வரம்பு; 2022-இல் மிக உயர்ந்த வருமானக்காரருக்கு அறவே இல்லை; 2024 அக்டோபரில் வரம்பே இல்லை!

10. குழந்தைப் பணத்தில் வீடே வாங்க முடிந்தது தெரியுமா?

நியூசிலாந்தில் 1946 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை. 1959 முதல் வரப்போகும் ஆண்டுகளின் தொகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வீட்டுக்குப் போட அனுமதித்தார்கள்! 1991-இல் எல்லோருக்குமான அந்தத் தொகையே நின்றது.

11. பணக்காரருக்கு அதிகம் தரும் நாடும் உண்டு, தெரியுமா?

ஜெர்மனியில் 2025-இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 255 யூரோ கிண்டர்கெல்டு. ஆனால் பிள்ளையின் அடிப்படைத் தேவைக்கான பணத்துக்கு வரி போடக் கூடாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1990-இல் சொல்லிவிட்டது. அதனால் உதவித்தொகையா, வரிக் கழிவா, எது லாபம் என்று வரித்துறையே பார்த்துத் தருகிறது. உச்ச வருமானக்காரருக்குக் கழிவில் கிடைப்பது கிண்டர்கெல்டைவிட அதிகம்!

12. வடிகட்டுவதையும் ஒழுங்காகச் செய்யலாம் தெரியுமா?

கனடாவைப் பாருங்கள். 2016-இல் பழைய திட்டங்களை எடுத்துவிட்டுக் குடும்ப வருமானப்படி பணம் தந்தது: ஏழைக்கு அதிகம், ஏற ஏறக் குறைவு. கணவன், மனைவி இருவரும் வரிக்கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது டொராண்டோ தமிழ்க் குடும்பங்களுக்கும் மனப்பாடம். இரண்டு வீட்டுப் புதிர் அங்கே கிடையாது. பிரான்சும் 2015 முதல் வசதியானவர்களுக்குப் பாதியாகவும் காலாகவும் குறைத்தது. யாரையும் அறவே விலக்கவில்லை.

துப்புரவுத் தொழிலாளி கட்டும் வரி, மேனேஜர் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் போக வேண்டும்? நியாயமான கேள்வி, மனதை உறுத்தும் கேள்வி. ஆனால் மேனேஜரிடம் அதிகம் வாங்க வழி இருக்கிறது: அவருடைய வருமான வரியை உயர்த்துங்கள்! பிள்ளை உள்ள மேனேஜரிடம் மட்டும் எடுத்து, அதே சம்பளம் வாங்கும் பிள்ளையில்லாத மேனேஜரை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்? பணக்காரர்களிடம் எடுங்கள், தாராளமாக எடுங்கள். எடுக்கும் இடம் வரிக் கணக்காக இருக்கட்டும், தொட்டிலாக வேண்டாம்!

எலினார் ராத்போன் 1946 ஜனவரி 2-இல் கண் மூடினார். தாய்மார்கள் அந்த முதல் 5 ஷில்லிங்கை வாங்கிய நாளுக்கு ஏழே மாதங்கள் முன்பு! அந்தச் செவ்வாய்க்கிழமைப் பணத்துக்கு அரசு கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?