இயந்திரம் பார்க்கட்டும், மருத்துவர் சொல்லட்டும்

தோலில் உள்ள மச்சம் வெறும் மச்சமா, புற்றுநோயின் தொடக்கமா என்பதை ஒரு படத்தைப் பார்த்தே கணினி கணித்துச் சொல்லும் காலம் இது. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 129,450 படங்களைக் கொடுத்துப் பழக்கிய மென்பொருள், 21 தோல் மருத்துவ நிபுணர்களுக்கு ஈடாக இதைச் செய்து காட்டியது. அது முதல் செயற்கை நுண்ணறிவின் திறமையைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால், அந்த மச்சத்தைச் சுமந்திருப்பவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்?

இக்கேள்வியை நேரடியாகக் கேட்ட ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. பாஸ்டன் நகரில் 48 பேரை ஆய்வாளர்கள் பேட்டி கண்டனர். அவர்களில் 16 பேர் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய்க்கு ஆளானவர்கள். 16 பேர் மற்ற வகைத் தோல் புற்றுநோய் கண்டவர்கள். எஞ்சிய 16 பேருக்கு அந்நோய் வந்ததில்லை. 'இயந்திரமா? வேண்டவே வேண்டாம்' என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள் என நான் எண்ணினேன். மாறாக, 75 விழுக்காட்டினர் இக்கருவியைத் தங்கள் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் பரிந்துரைப்போம் என்றனர்.

இன்னொரு முடிவுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. கருவியின் பலம் எது என்று கேட்டபோது, 69 விழுக்காட்டினர் அதன் துல்லியம் என்றனர். பலவீனம் எது என்று கேட்டபோது, 85 விழுக்காட்டினர் அது தவறாகக் கணித்துவிடலாம் என்றனர். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. அப்படியென்றால், பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டையுமே சொல்லியிருக்கிறார்கள். இது குழப்பமன்று என்றே எனக்குப் படுகிறது. எந்த மருத்துவரும் வாழ்நாளில் பார்த்திராத அளவுக்குக் கணினி படங்களைப் பார்த்திருக்கிறது. ஆனால், அது மச்சத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை, 'எப்போதிருந்து அரிக்கிறது?' என்று கேட்பதுமில்லை. மனிதரும் இயந்திரமும் இணைந்தே செயல்பட வேண்டும் என்று 94 விழுக்காட்டினர் வலியுறுத்தியதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

மனக்கலக்கம் கூடும் என்று அஞ்சியவர்கள் 40 விழுக்காட்டினர். அது எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, பாட்டியின் பரிசோதனை முடிவைக் கேட்க அவருடன் சென்றேன். மருத்துவர் மலாயில் விளக்கினார். பாட்டிக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். எனவே, நான்தான் மொழிபெயர்ப்பாளர். 'கெத்தும்புஹான்' என்பதைக் 'கட்டி' என்பதா, 'வளர்ச்சி' என்பதா என்று நான் தடுமாறிக் கொண்டிருந்தேன். பாட்டியோ என்னைக் கவனிக்கவே இல்லை. மருத்துவரின் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "அந்த டாக்டர் மொகத்துல பயமே தெரியலயே. அப்ப சின்னதாத்தான் இருக்கும்" என்றார். கைப்பேசித் திரையில் தோன்றும் ஒரு விழுக்காட்டு எண்ணில் பாட்டி எதைப் பார்த்திருப்பார்?

2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 43 நாடுகளின் மருத்துவமனைகளில் 13,806 நோயாளிகளிடம் கருத்துக் கேட்டது. இவர்கள் புற்றுநோயாளிகள் மட்டும் அல்லர். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவை ஆதரித்தவர்கள் 57.6 விழுக்காட்டினர். ஆயினும், உடல்நிலை மோசமாக இருந்தவர்களிடையே அந்த ஆதரவு குறைந்திருந்தது. துல்லியம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, ஏன் அப்படிக் கணித்தது என்று காரணம் காட்டும் கருவியே வேண்டும் என்றவர்கள் 70 விழுக்காட்டினர். தனக்கு நேர்வதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை நோயாளிக்கு எவ்வளவு பெரியது, பாருங்கள்!

சுவீடனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதரிடம் நடத்தப்பட்ட மெமோகிராம் ஆய்வில், இத்தொழில்நுட்பத்தால் படங்களைப் படிக்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கையும் கூடியது. அப்படி மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சமாவது நோயாளியின் எதிரில் உட்கார்ந்து பேசுவதற்குக் கிடைக்குமா என்பதை மருத்துவமனைகள்தாம் சொல்ல வேண்டும்.