பத்தாம் வகுப்பும் மூன்றாம் பாகமும்

போன மாதம் பாங்கில் ஒரு விண்ணப்பம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. நகைக் கடன்தான், ஒளிப்பானேன்! 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் 'பத்தாம் வகுப்பு' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமா இருக்கியேம்மா, இவ்வளவு வாசிச்சு என்ன பிரயோஜனம்? இந்தக் கட்டத்துல ஒரு வரி கூடலையே!" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எம்.காம். படிக்கிறவள், சொல்லட்டும். ஆனால் எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. இந்த நாற்பத்தேழு வயசுக்குள் எத்தனை புத்தகம் படித்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. புத்தகங்கள்தான் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன.

முதலில் வந்தது அம்புலிமாமா. அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது! வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போகும்போதெல்லாம் 'அப்பாடா, அடுத்த மாசமும் கதை உண்டு' என்று சந்தோஷப்பட்ட குழந்தைகளில் நானும் ஒருத்தி.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தொடர்கதை சேர்ப்பதில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பத்திரிகை படித்து முடித்ததும் பக்கங்களைக் கிழித்து வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி விடுவாள். ஒட்டுகிற மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். இப்போதும் அந்தப் பசை வாசனை என் மூக்கில் இருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை முதன்முதல் வந்தபோது அம்மா பிறக்கவே இல்லை. பிற்பாடு அதே பத்திரிகையில் மறுபடியும் வெளியிட்டார்களே, அப்போது சேர்த்துத் தைத்தது எங்கள் வீட்டுப் பிரதி. ஐந்து பாகத்தில் நாலுதான் இருந்தது. மூன்றாம் பாகத்தை எதிர்வீட்டு அக்கா இரவல் வாங்கிக்கொண்டு போனவள், கல்யாணமாகிப் புருஷனோடு பம்பாய்க்கே போய்விட்டாள். புத்தகமும் கூடவே போயிற்று!

ஆகவே நான் வந்தியத்தேவனை இரண்டாம் பாகத்தில் விட்டுவிட்டு, நேரே நாலாம் பாகத்தில் பிடித்தவள். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நானும் என் தங்கையும் ஆளுக்கொரு கதை கட்டுவோம். அதிலே நந்தினிக்கு மட்டும் எங்கள் கையால் நாலைந்து தடவை கல்யாணம் ஆகியிருக்கிறது.

1994-ல் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தேன். அந்த வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். பிளஸ் டூவுக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், யார் அனுப்புவது? வீட்டிலே உட்கார்ந்த அந்த ஐந்து வருஷமும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல், ரமணிசந்திரன், லக்ஷ்மி, மராத்தியிலிருந்து கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழாக்கிய காண்டேகர், வடை சுற்றி வந்த காகிதம் உட்பட. ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது, சகோதரிகளே. அந்த நாளில் கண்ணீர் விட்டு ரசித்த சில குடும்ப நாவல்களை இன்று எடுத்தால் எரிச்சல் வருகிறது. தப்பெல்லாம் அவன் செய்வானாம், கடைசிப் பக்கத்தில் இவள் மன்னிப்பாளாம்! கொலைக் கதைகளே தேவலை. அதில் குற்றம் செய்தவன் பிடிபட்டாவது போகிறான்.

1999-ல் என்னைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர், சாது. மாமியார் சாது இல்லை. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. புத்தகம் என்றாலே பிடிக்காது. "என்னட்டி எந்நேரமும் வாசிக்கே? வாசிக்கிற பொம்பளை வீட்டுல பால் பொங்கி வழியத்தான் செய்யும்" என்பார்.

கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். அங்கே அலமாரியில் என்ன இருந்தது தெரியுமா? 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம், 'கொலை வாள்'! கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா? கொண்டுவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்து, மத்தியானம் மத்தியானம் பத்துப் பக்கம் படிப்பேன். பாதி தாண்டியிருப்பேன். ஒரு நாள் நிஜமாகவே பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அத்தை ஒன்றுமே பேசவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் வெந்நீர் அடுப்பில் போட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அட்டை சுருண்டு எரிந்துகொண்டிருந்தது.

அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், எல்லாம் செய்தேன். நூலகத்துக்குப் பதில் புத்தகம் கொடுக்க வேண்டுமே! மூன்று மாதம் இட்லி மாவு அரைத்து விற்று, அந்தக் காசில் புதுசு வாங்கினேன். திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, கொசுவலைக்குள் டார்ச் அடித்து விடிய விடிய மிச்சத்தைப் படித்து முடித்தேன். நந்தினி விஷயத்தில் எங்கள் ஊகம் ஒன்றுகூடச் சரியில்லை!

அதற்கப்புறம் அத்தைக்குப் பயந்து சமையல் புத்தகமாகப் பார்த்து எடுத்து வந்தேன். எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் முதலில் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒரு அம்மாள், தன் கைப்பக்குவத்தையே எழுத்தாக்கி நிமிர்ந்து நின்ற புத்தகம். எங்கள் வீட்டிலோ மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அதில் மருந்துக்கும் மீன் கிடையாது. ஆனாலும் எனக்கு அது நாவல் மாதிரிதான். இன்ன சாமான் இவ்வளவு, இன்னதற்குப் பின் இன்னது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே போகும்போது மனசு அடங்கும். 'கண் திட்டத்துக்கு உப்பு' என்று சொல்லியே வளர்ந்த எனக்கு, எதையும் அளந்து செய்கிற புத்தி அதிலிருந்துதான் வந்தது. வீட்டுக்கணக்கு நோட்டுப் போட ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான்.

சுஜாதாவின் 'ஏன் எதற்கு எப்படி' கேள்வி-பதில் புத்தகம். படித்ததில் பாதி மறந்துவிட்டது. கேள்வி கேட்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. முன்னெல்லாம் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு வருவேன். இப்போது "இது எதுக்கு டாக்டர், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எத்தனை நாளைக்கு?" என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஒரு டாக்டர் முகம் சுளித்தார். சுளிக்கட்டுமே!

2017-ல் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரையும் இருதயக் கோளாறும் இருந்ததால் ஆபரேஷன் தாங்காது என்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் துணைக்குப் படித்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தடிப் புத்தகம், எங்கே புரியப்போகிறது என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். பார்த்தால், பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது! பாடம் சொல்ல ஒரு ஆசிரியர் கிடைப்பாரா என்று ஊர் ஊராக அலைந்திருக்கிறார் அந்தச் சிறுபிள்ளை. கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிடைத்த இடத்தில் நான் விசும்பியதைப் பார்த்து, பக்கத்துப் படுக்கைக்காரி, "வீட்டுல யாருக்கும் முடியலையா தாயி?" என்று கேட்டாள். ஆனந்த விகடனில் வாரா வாரம் எழுதிக்கொண்டு வந்தவர் 1942-ல் காலமாகிவிட்டார். சரித்திரம் பாதியிலேயே நிற்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். வலி தாங்காமல் அத்தை திருப்ப விடமாட்டார், கத்துவார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே திருப்பலாம் என்றால் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? பதினெட்டு வருஷத்துப் பேச்சும் சண்டையாகவே தீர்ந்துபோயிருந்தது. அப்போது கையில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வைத்திருந்தேன். தூத்துக்குடி உப்பளத்துக் கதை, 1979-ல் வந்தது. பதினைந்து வயதில் கல்யாணமாகி, கல்லூரி வாசலை மிதிக்காமலே எழுத வந்தவர் அந்த அம்மாள். உழைக்கிற ஜனங்கள் இருக்கிற இடத்துக்கே போய்ப் பழகி, பார்த்துக் கேட்டு எழுதியவர். அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு பக்கம் போயிருக்காது. "நிறுத்துட்டி" என்றார் அத்தை. "அந்தப் பொம்பளை அளத்துக்கு வந்து பாத்தாளா?"

"வந்துதான் எழுதியிருக்காங்க அத்தை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். பத்து வயசிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் அவரும் உப்பளத்தில் வேலை செய்தவராம். பாத்தியில் உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்துவிடுமாம். ராத்திரி கஞ்சித் தண்ணி பட்டால்கூட எரியுமாம். வெயிலில் அம்பாரம் அம்பாரமாக உப்பு மின்னுவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகுமாம். கட்டிக்கொடுத்த இடத்தில் கௌரவக் குறைச்சல் என்று இதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கே தெரியாது! அவர் அன்று ராத்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தரம் திருப்பிப் படுக்கவைத்தால் ஒரு அத்தியாயம். அத்தை சும்மா கேட்க மாட்டார். "அந்தப் புள்ள பொன்னாச்சிய ஏன் இப்பிடிப் பேசுதான்? நானா இருந்தா அள்ளுன உப்ப அவன் மூஞ்சியில எறிஞ்சிருப்பேன்" என்பார். சில இடத்தில், "அது அப்பிடி இல்லட்டி" என்று திருத்தவும் செய்வார். நானும் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பேன். நூலகப் புத்தகம்தான், தப்புத்தான். என்ன செய்ய!

ஒரு நாள் சாயங்காலம் அவராகவே கேட்டார்: "அன்னைக்கு அடுப்புல போட்டனே, அது என்ன கதை?"

"ராஜா கதை அத்தை. சோழ ராஜா."

"ராஜா கதைதானா…" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்பம் பரவாயில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். முகம் சுவரைப் பார்த்து இருந்ததால் தெரியவில்லை. அந்தக் கார்த்திகையிலேயே போய்விட்டார். இன்னும் நாலைந்து அத்தியாயம் பாக்கி இருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அதே கட்டிலில் உட்கார்ந்து, வாய்விட்டே படித்து முடித்தேன். முதுகில் புண் வராமலே அனுப்பி வைத்தோம் என்பது ஒரு திருப்தி.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் விண்ணப்பக் கட்டத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை. "ஆச்சி அளத்துக்குப் போனாளா? எனக்கு ஏன்மா சொல்லல?" என்று அந்தச் சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

2022-ல் 'பொன்னியின் செல்வன்' சினிமா வந்த சமயம், ஐந்து பாகமும் புதுசாக வாங்கித் தந்தவள் அவள்தான். முதல் தடவையாக என் அலமாரியில் ஐந்தும் வரிசையாக நின்றன. நேற்றுத் தூசி தட்டும்போது பார்க்கிறேன், நாலுதான் இருக்கிறது. ஹாஸ்டல் சிநேகிதி ஒருத்தி இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாளாம். எந்தப் பாகம் என்று நான் கேட்கவே இல்லை.