கிறீஸ் கன் வாங்க முன் நிப்பிளை எண்ணுங்கள்



வாகனப் பராமரிப்புப் பற்றிய எமது சென்ற நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தம்பி தொலைபேசியில் வந்தார். "அண்ணை, கிறீஸ் கன் ஒண்டு வாங்கப் போறன். பற்றறியில வேலை செய்யிறதோ, கையால அமத்திறதோ, எது நல்லது?" என்று கேட்டார். "முதல்ல உங்கட வாகனத்தில எத்தனை நிப்பிள் இருக்கு, தம்பி?" என்று நான் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. நான் மெக்கானிக் அல்ல, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இந்த விடயத்தில் அனுபவப்பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

ஊரில் பெரியப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதன் முன்சில்லுகளுக்குப் பக்கத்திலுள்ள நிப்பிள்களுக்குக் கிறீஸ் அடிப்பது எங்கள் வீட்டில் தவறாத வேலை. இன்றைய கார்களில் அந்த மூட்டுகளுக்குள் தொழிற்சாலையிலேயே கிறீஸை அடைத்து, ரப்பர் உறையால் மூடிவிடுகிறார்கள். அனேகமான கார்களில் நிப்பிளே கிடையாது. கார் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவை மறந்துவிடலாம்.

ஆனால் அன்ஹெங்கர் என்று இங்கே நாங்கள் சொல்லும் ட்ரெயிலர் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து வாசியுங்கள். கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கிடாரம், கூடாரம், கதிரை ஏற்றிப் போகிறவர்கள் எங்களில் பலர். ஜேர்மனியில் 750 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த நிறையுள்ள ட்ரெயிலருக்குத் தனியே பிறேக் இருக்கவேண்டும். நாங்கள் பாவிக்கும் வகைகளில், கார் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னே தள்ளும். அப்போது கொழுவியின் பின்னாலுள்ள இரும்புக் குழாய் உள்ளே வழுக்கிச் சென்று, ட்ரெயிலரின் பிறேக்கை இழுக்கும். அந்தக் குழாய் வழுக்குவதற்குத்தான் கிறீஸ். அதன் கூட்டில் பெரும்பாலும் இரண்டு நிப்பிள்கள் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர் பார்த்துவிட்டு, மழைக்குள் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டோபானில் இருந்து இறங்கி சிவப்பு விளக்கில் பிறேக் பிடித்தேன். ட்ரெயிலர் 'டமார்' என்று இடித்து, காரைச் சந்திக்குள் தள்ளியது. பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். குறுக்கே வாகனம் வராதது எங்கள் நல்ல காலம். கழற்றிப் பார்த்தபோது அந்தக் குழாய் காய்ந்து கறள்பிடித்து இறுகியிருந்தது. பழைய ட்ரெயிலரை வாங்கி மூன்று வருடமாக நான் ஒரு துளி கிறீஸ் அடிக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

இனி எதை வாங்குவது? கணக்குப் பார்ப்போம். கையால் ஒருமுறை அமத்தினால் ஏறக்குறைய 1 கிராம் வரும். இரண்டு நிப்பிளுக்கு ஐந்து முறை வீதம் 10 கிராம். வருடத்தில் இரண்டு தடவை அடித்தால் 20 கிராம். கடையில் விற்கும் சாதாரணக் கிறீஸ் குழல் 400 கிராம். அது முடிய 20 வருடம்! அதற்கு முன்பே கிறீஸ் பழுதாகிவிடும். பற்றறிக் கன் கமக்காரருக்கும் கராஜுக்கும் உரியது. எங்களுக்குக் கைப்பிடி அமத்தும் சாதாரணக் கன் போதும். அதையும் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

கடையில் 'ஃபெட்பிறெஸ' என்று கேளுங்கள். மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது, சாதாரண 400 கிராம் குழல் பொருந்தவேண்டும். திருகிப் பூட்டும் குழல்களுக்கு வேறு கன் தேவை. இரண்டாவது, வளையும் ஹோஸ் இருந்தால் ஒடுங்கிய இடத்துக்கும் எட்டும். மூன்றாவது, வாய்ப்பகுதி டின் 71412 கூம்பு நிப்பிளைக் கவ்வவேண்டும். கிறீஸில் லித்தியம் வகை, 'கே பி 2 கே - 30' என்ற குறியீடு உள்ளது நல்லது. அதில் 2 என்பது கிறீஸின் தடிப்பு. கடைசி இலக்கம் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை தாங்கும் என்பதைக் குறிக்கும்.

அடிக்க முன் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். புதுக் கிறீஸ் ஓரத்தில் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். ஏறாவிட்டால் பலம் காட்டாதீர்கள், நிப்பிள் அடைத்திருக்கும். புதியது சில சதம்தான். ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வுக் கட்டைகள் உள்ள கொழுவி என்றால், காரின் உருண்டையில் கிறீஸ் பூசவே கூடாது.

இதை மட்டும் மறக்காதீர்கள். கையால் அமத்தும் கன்னிலேயே அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் அளவுக்கு ஏறும். வாய்க்கு முன்னால் விரலை வைக்காதீர்கள். வெடித்த ஹோஸைக் கையால் பொத்தாதீர்கள். கிறீஸ் தோலுக்குள் பாய்ந்தால் சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் நோகாமலும் இருக்கலாம். ஆனால் அது விரலையே இழக்கச் செய்யும். "நாளைக்குப் பாப்பம்" என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கிறீஸ் படிந்த துணிகளை நகரசபையின் நச்சுக்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

தம்பி இப்போது எண்ணிவிட்டார். அவருடைய காரில் ஒன்றுமில்லை, ட்ரெயிலரில் இரண்டு. என்னுடைய கன்னை வாங்கிப்போயிருக்கிறார். உங்கள் ட்ரெயிலரில் எத்தனை? இந்தச் சனிக்கிழமை குனிந்து பாருங்கள்.