காயலான் கடைச் சாமானில் தோட்டத்துப் பொம்மை! 18 வருஷம் ரகசியம் காத்த ரோடு இன்ஸ்பெக்டர்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும். துண்டுத் தகடு, உடைந்த ஸ்பிரிங் பட்டை, தேய்ந்த பேரிங், மரை போன போல்ட்டு எல்லாம் ஓரமாகக் குவிந்து கிடக்கும். கொஞ்ச நாளில் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

"வெறும் குப்பைதானே, இதில் என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் சண்டிகார் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே ஒரு சாதாரண ரோடு இன்ஸ்பெக்டர், ஊர் தூக்கிப் போட்ட சாமானை வைத்து ஒரு ராஜ்யமே கட்டிவிட்டார். அதுவும் சர்க்கார் நிலத்தில், சர்க்காருக்கே தெரியாமல்!

சைக்கிளில் வந்த குப்பை

அவர் பெயர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். சொந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டதால், 1947 பிரிவினையில் குடும்பத்தோடு இந்தியா வந்தார். புது நகரமாக எழும்பிய சண்டிகாரில் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது.

நகரம் கட்டுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த பீங்கான், வாஷ் பேசின், மின்சார சாமான், வளையல் துண்டு என்று எங்கும் குவியல். நேக் சந்த் அதைப் பொறுக்கி, சைக்கிளில் வைத்து, சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டு போனார்.

பகலில் ஆபீஸ் வேலை. வேலை முடிந்ததும் பொம்மை வேலை. இப்படி 18 வருஷம் ஓடியது. நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது!

இடிப்பதா, விடுவதா?

1970-களின் நடுவில் விஷயம் அம்பலமானது. அந்த இடமோ கட்டடமே கட்டக் கூடாத காட்டு நிலம். சட்டப்படி பார்த்தால் எல்லாவற்றையும் தரைமட்டம் ஆக்க வேண்டும். அவருக்கு வேலையும் போயிருக்கலாம்.

ஆனால் பார்த்த ஜனங்கள் விடவில்லை. 1976-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் கொடுத்து, 50 ஆட்களையும் கொடுத்து, "இதையே பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்!

1983-ல் தபால் தலையே வெளிவந்தது. 1984-ல் பத்மஸ்ரீ. 'ராக் கார்டன்' என்ற பெயரில் அது சுமார் 40 ஏக்கராக வளர்ந்தது. 2015-ல், 90-வது வயதில் நேக் சந்த் காலமானார்.

2025 மார்ச்சில் ரோடு வேலைக்காகப் பூங்காச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது, சண்டிகார் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குப்பையில் எழுந்த சுவர் ஊர்ச் சொத்து ஆகிவிட்டது!

வித்தை என்ன?

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பழைய சைக்கிள் பிரேம்தான் உடம்பு. முன் போர்க்கு கால். சீட்டு, மிருகத்தின் தலை. அதன்மேல் சிமெண்டுக் கலவையை அப்பி, ஈரம் காயும் முன்னே வளையல் துண்டையும் பீங்கானையும் பதித்துவிட்டார்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு மயிலோ கொக்கோ செய்ய நினைப்பவர்களுக்கும் இதே வழிதான். மெல்லிய கம்பியை வளைத்து உருவம் கட்டி, மேலே கோழி வலையைச் சுற்ற வேண்டும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் கோழி வலைக்கா பஞ்சம்?

சிமெண்டு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சேலம், நாமக்கல் வெயிலில் கலவை சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும். அதனால் ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும்.

சிமெண்டு இல்லாமல் நட்டு, போல்ட்டு, பேரிங்கை மட்டும் சேர்த்துப் பற்றவைத்தும் சின்னக் குருவி, எறும்பு செய்யலாம். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அப்புறம் பெயிண்டு அடித்தால் மழைக்குத் தாங்கும்.

ஜாக்கிரதை!

பழைய டியூப் லைட்டை உடைக்கக் கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

டயரிலோ டப்பாவிலோ பொம்மை செய்தால் அடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிட்டு, ஒன்றிரண்டு வாரத்திலேயே பறக்க ஆரம்பித்துவிடும். தோட்டத்து அழகு ஆஸ்பத்திரிச் செலவில் போய் முடியும்!

வேலைக்குப் போய் வந்த நேரத்தில் ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் இவ்வளவு செய்திருக்கிறார். அடுத்த தடவை பழைய இரும்பை எடைக்குப் போடும் முன்னே, அந்தச் சைக்கிள் சீட்டையாவது தனியே எடுத்து வைக்கலாமே!