பெருங்குடலும் நம் மௌனமும்

இதயத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். கண்ணைப் புகழ்வோரும் பலர். பெருங்குடலையும் மலக்குடலையும் பற்றிப் பேச மட்டும் நாம் நாணுகிறோம். அந்நாணம் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கிறது.

பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுடையது. வலப்புற அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாக இறங்கி மலக்குடலில் முடிகிறது. சிறுகுடலிலிருந்து நாள்தோறும் சுமார் 1.5 லிட்டர் நீர்மக் கூழ் இதனுள் வந்து சேர்கிறது. அதிலுள்ள நீரையும் உப்பையும் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ள, 100 முதல் 200 மில்லிலிட்டர் நீரே மலத்துடன் வெளியேறுகிறது. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை இங்கு வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை ஆக்கித் தருகின்றன. கீரையும் பழமும் பருப்பும் உண்ணுமாறு மருத்துவர் அறிவுறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மலக்குடல் நிறைந்து விரியும்போது உட்சுருக்குத்தசை தானே தளர்கிறது. வெளிச்சுருக்குத்தசையோ நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. உணர்வு தோன்றியும் அடிக்கடி அடக்கினால் மலம் மேலும் நீரிழந்து இறுகும். முக்கி முக்கிக் கழிப்பதால் மூலமும் ஆசனவாய் வெடிப்பும் தொடரும். மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் எனச் சட்ட நூல்கள் உரைக்கின்றன. மனம் ஒன்றித் தொழுவதற்கான அவ்விதி உடலுக்கும் நலம் பயப்பதை நாம் உணரலாம்.

மலத்தில் குருதி கண்டவுடன், 'இது மூலந்தான்' என்று நாமே முடிவுகட்டுவது பெரும்பிழை. பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு முளையாகவே தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் 10 ஆண்டளவு ஆகும். அதற்குள் கொலனோஸ்கோப்பி வாயிலாகக் கண்டு அகற்றிவிடின், நோய் தோன்றாமலே தடுத்துவிடலாம். குருதிப்போக்கு, வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தச்சோகை ஆகியவை எச்சரிக்கைகளாகும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவரை அணுகவேண்டும்.

கழிப்பிட ஒழுங்குகளையும் தூய்மை செய்யும் முறைகளையும் மதரஸாவில் சிறாருக்குக் கூச்சமின்றிக் கற்பிக்கும் சமுதாயம் நம்முடையது. அங்ஙனமே, அவ்வுறுப்புகளின் நோயையும் மருத்துவரிடம் கூச்சமின்றி உரைப்போமாக. உடல் இறைவன் நமக்களித்த அமானிதம்; அதனைப் பேணுதல் நம் கடன்.