வாப்பாவும் அழலாம்

"ஆம்பிளப் புள்ள அழலாமா?"

விழுந்து முழங்காலில் காயத்தோடு ஓடிவரும் நாலு வயது மகனிடம் நம்மில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். தங்கை அழுதால் தூக்கி அணைக்கின்றோம். அவன் அழுதால் வெட்கப்படுத்துகின்றோம். அந்தச் சிறுவன்தான் பின்னொரு நாளில் ஒருத்திக்குக் கணவனாகவும் பிள்ளைகளுக்கு வாப்பாவாகவும் ஆகின்றான். சிறுவயதில் படித்த பாடத்தை அவன் மறப்பதில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. விற்ற காசில் அதே அளவு சரக்கை மீண்டும் வாங்க முடியாமல் சிறு வியாபாரிகள் தவித்தார்கள். வீட்டில் மனைவி, "என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பதே பதில். ஆனால் கறியில் உப்புக் கூடியதற்குப் பீங்கான் பறக்கும். பிள்ளைகளின் சிரிப்புச் சத்தமும் எரிச்சலூட்டும். இரவில் தூக்கமில்லை. நெஞ்சு அடைக்கின்றது, தலை இடிக்கின்றது என்று வைத்தியரிடம் போனால் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியாது.

மனச்சோர்வு என்றால் மூலையில் இருந்து அழுவது என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். ஆண்களிடம் அது பல வேளைகளில் கோபமாகவும், உடல் வலியாகவும், சிலரிடம் போதைப் பழக்கமாகவும் தலைகாட்டுகின்றது. இலங்கையில் தற்கொலை செய்துகொள்வோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்பதை நாம் இலேசாக எண்ணிவிடக் கூடாது.

அதற்காக, கை நீட்டும் கணவனைப் பொறுத்துப் போங்கள் என்று சொல்லவில்லை சகோதரிகளே! துயரம் அடிப்பதற்கு அனுமதி ஆகாது.

அழுவது ஆண்மைக்கு இழுக்கா? நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்றாஹீம் மரணத் தறுவாயில் இருந்தபோது அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. வியந்து கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, அது இரக்கம் என்றே விளக்கினார்கள். மகன் யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆன் கூறுகின்றது.

அப்படியானால், பேசாத கணவனிடம் எப்படிப் பேசுவது?

நாலு பேர் முன்னிலையில் கேட்காதீர்கள். பிள்ளைகள் உறங்கிய பின் பக்கத்தில் இருந்து, "கொஞ்ச நாளா நீங்க சரியாத் தூங்குறதில்ல. கடைக் கடன நெனச்சு யோசிக்கிறீங்களா?" என்று, கண்டதைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் இப்படி இருக்கீங்க?" என்பது விசாரணை போலப் படும். அவர் பேசத் தொடங்கினால் இடையில் உபதேசம் வேண்டாம். "நகைய அடகு வைக்கக்குள்ளேயே சொன்னேன்தானே" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். கேட்டதை உம்மா வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரு தடவை வெளியே போனால் அடுத்த தடவை அவர் வாய் திறக்கமாட்டார்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் வைத்தியரை நாடுங்கள். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. "நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லம்" என்ற வார்த்தை வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இலவசமாகத் தொலைபேசியில் பேசலாம்.

நாளை உங்கள் மகன் முழங்கால் காயத்தோடு ஓடி வந்தால், "நோகுதா மகன்? வாங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவன் அழுது முடிக்கட்டும். பக்கத்தில் வாப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.